ஓடும் வண்டிக்கு இணையம் செல்லும் வழி

மும்பை மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மத்திய இரயில்வேயின் கல்யாண் – கர்ஜத் பாதையில் அம்பர்நாத் அமைந்துள்ளது. 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டினை உடைய சிவாலயத்தாலும், படைக்கலத் தொழிற்சாலையாலும் பெயர் பெற்ற ஊர் இது. நாள்தோறும் விடியற்காலையில் இங்கிருந்து திரளான மக்கள் மின்சார இரயிலேறி மாநகருக்குச் செல்கின்றனர். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டி, சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை அடையுமுன் இடையே 27 இடங்களில் நிற்கிறது. மாதுங்காவின் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவரும், தாராவியின் தொழிற்கூடங்களுக்குச் செல்லும் தொழிலாளியும், குர்லாவில் வண்டி மாறிச் செம்பூருக்குச் செல்லும் அலுவலரும் ஒரே பெட்டியில் நெருங்கி நிற்பதைக் காணலாம். சென்று திரும்புவதில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இவர்களுக்குக் கழிகிறது.

இம்மூன்று மணி நேரத்தைப் படிப்பிலோ செய்தியிலோ பொழுதுபோக்கிலோ செலவிட இன்று அனைவர் கையிலும் கைப்பேசி உள்ளது. ஆயினும் ஓடும் வண்டியினுள் பாடம் ஒன்றைத் திறந்தால், அது சிறிது ஓடி நின்றுவிடுகிறது. மீண்டும் ஓடி மீண்டும் நிற்கிறது. வண்டியின் வேகமே இதற்குக் காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். அக்கருத்து முற்றும் சரியன்று. இத்தடையின் உண்மைக் காரணங்கள் யாவை, விஞ்ஞானிகளும் பொறியியலாரும் அவற்றுக்குக் கண்டுள்ள பரிகாரங்கள் யாவை என்பதை இங்கு ஆராய்வோம்.

வேகம் செய்யும் குற்றம் சிறிது

ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும் வண்டியின் ஒலி உயர்ந்தும், நம்மைக் கடந்து செல்லும் வண்டியின் ஒலி தாழ்ந்தும் கேட்பது யாவரும் அறிந்ததே. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். ரேடியோ அலைகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே. வைஃபை அலைகள் வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்வன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் இவ்வதிர்வு எண் மாறும் அளவு ஏறத்தாழ 220 மட்டுமே. அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு. இம்மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் இன்றைய கருவிகளுக்கு உண்டு.

மெய்யான இடர்கள் வேறு. முதலாவது, பங்கீடு. கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த சிறு வட்டாரத்திலுள்ளோருக்குத் தன் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கிறது. நெரிசல் வேளையில் பன்னிரண்டு பெட்டி கொண்ட புறநகர் வண்டி ஒன்றில் நாலாயிரம் பேருக்கு மேல் பயணம் செய்வதுண்டு. கோபுரம் ஒன்று வினாடிக்கு 100 மெகாபிட் அளவு செய்தியை அனுப்பவல்லது என்று கொள்வோம். அவ்வண்டியில் 500 பேர் மட்டுமே ஒரே சமயத்தில் அதனை நாடினாலும், ஒருவருக்குக் கிடைப்பது வினாடிக்கு 0.2 மெகாபிட். எழுத்து வடிவிலான செய்திக்கு இது போதும். அசையும் படத்துக்குப் போதாது.

இரண்டாவது, கைமாற்றம். வண்டி நகர நகர, ஒரு கோபுரத்தின் எல்லையை விட்டு அடுத்ததன் எல்லைக்குள் புகுகிறது. நடந்து செல்வோர் ஒருவர் இருவராக எல்லை கடப்பர். இரயிலிலோ ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் புதிய கோபுரத்தின் வாயிலைத் தட்டுகின்றன. அவ்வேளையில் சில இணைப்புகள் அறுந்துபோவது இயல்பே.

மூன்றாவது, மறைப்பு. கதவும் சன்னலும் திறந்துள்ள சாதாரணப் பெட்டிக்குள் அலைகள் எளிதில் நுழைகின்றன. குளிர்சாதன வண்டியின் மூடிய உலோகப் பெட்டியும், வெப்பத்தைத் தடுக்க உலோகப் படலம் பூசிய கண்ணாடியும் அலையின் வலிமையை நூறில் ஒரு பங்காகவும் குறைத்துவிடக்கூடும். மலையும் மறைப்பதுண்டு. தாணேவுக்கும் திவாவுக்கும் இடையே 1916இல் திறக்கப்பட்ட பார்சிக் சுரங்கம் 1.3 கிலோமீட்டர் நீளமுடையது. அத்தகைய சுரங்கத்துள் அலையைச் செலுத்த வேண்டுமாயின், அதன் நெடுகிலும் தனியாகக் கம்பி வடமோ சிறு நிலையங்களோ அமைத்தல் வேண்டும்.

வானத்திலிருந்து பெறுதல்

கோபுரங்களை நம்பாது செயற்கைக்கோளிலிருந்து வண்டிக்கு இணையம் அளிக்கும் முயற்சியும் நம் நாட்டில் நடைபெற்றதுண்டு. 2013ஆம் ஆண்டில் ஹௌரா ராஜதானி விரைவு வண்டியில் இது பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. வண்டியின் கூரையிலுள்ள வாங்கி செயற்கைக்கோளோடு தொடர்பு கொள்ளும். பெட்டிகளுக்குள் வைஃபை வழியாகப் பயணிகள் இணைப்பைப் பெறுவர். தொழில்நுட்ப முறையில் இது இயலக்கூடியதே என்பது தெளிவாயிற்று. எனினும் கருவிகளின் விலையும், அலைக்கற்றைக்கு இடையறாது செலுத்த வேண்டிய கட்டணமும் மிகுதியாக இருந்தன. பயணிகளுக்குக் கிடைத்த வேகமும் போதிய அளவில் இல்லை. செலவுக்கேற்ற பயன் இல்லாமையால் இத்திட்டம் கைவிடப்பட்டதாக 2021 ஆகஸ்டில் இரயில்வே அமைச்சர் மக்களவைக்குத் தெரிவித்தார்.

நிலையங்களின் கதை வேறு விதமானது. இரயில்டெல் நிறுவனம் கூகிள் நிறுவனத்தின் துணையுடன் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் இலவச வைஃபை வசதியைத் தொடங்கிற்று. பின்னர் இவ்வசதி நாடெங்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. இரயில் பாதையை ஒட்டியே ஒளியிழை வடங்கள் செல்வதால், நிலையத்துக்கு இணையம் அளிப்பது எளிது. நகரும் வண்டிக்குள் அதனைக் கொண்டு சேர்ப்பதே கடினம். இவ்வேறுபாட்டிலேயே தீர்வுக்கான குறிப்பும் அடங்கியுள்ளது.

முன்கூட்டியே ஏற்றி வைத்தல்

குடிநீர்க் குழாயை ஓடும் வண்டியோடு யாரும் இணைப்பதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் தொட்டியை நிரப்புகின்றனர். ஓடும்போது தொட்டியிலிருந்து நீர் கிடைக்கிறது. இணையப் பொருளுக்கும் இம்முறை பொருந்தும். ஆயிரம் பேர் விரும்பிக் காணும் பாடமும் படமும் செய்தித்தாளும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை ஆயிரம் முறை கோபுரத்திலிருந்து வரவழைப்பதை விட, ஒரு முறை வண்டியிலேயே ஏற்றிவைத்து ஆயிரம் பேருக்கும் வழங்குவது சிக்கனமாகும்.

மத்திய இரயில்வே 2021 ஜூலையில் மும்பைப் புறநகர் வண்டித் தொடர்கள் பத்தில் இம்முறையைத் தொடங்கியது. பெட்டிகளில் சேமிப்புக் கணிப்பொறிகள் பொருத்தப்பட்டன. திரைப்படங்களும் நிகழ்ச்சிகளும் கல்விப் பொருள்களும் அவற்றில் முன்னரே பதிவு செய்யப்பட்டன. பயணி தம் கைப்பேசியைப் பெட்டியின் வைஃபையோடு இணைத்து, தடையின்றி அவற்றைக் காண முடிந்தது. சுகர்பாக்ஸ் என்பது இச்சேவையை அளித்த அமைப்பின் பெயராகும்.

இதன் சிக்கனத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். கைப்பேசியில் காணத்தக்க நடுத்தரத் தெளிவுள்ள ஒரு மணி நேர அசையும் படத்துக்கு ஏறத்தாழ 350 மெகாபைட் இடம் தேவை. இதனை 400 பயணிகள் கோபுரத்தின் வழியாகத் தனித்தனியே பெறுவாராயின், 1,40,000 மெகாபைட் வான்வழியே செல்ல வேண்டும். வண்டியிலேயே அது இருப்பின், வான்வழியே செல்ல வேண்டுவது ஏதுமில்லை. பத்து இலட்சம் மெகாபைட் கொள்ளும் சேமிப்புத் தகடு உள்ளங்கையில் அடங்கும். அதில் இத்தகைய படங்கள் 2,800 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். வண்டி இரவில் பணிமனையில் நிற்கும்போது, வினாடிக்கு 1,000 மெகாபிட் அனுப்பும் கம்பியை இணைத்தால், அத்தகடு முழுவதையும் இரண்டேகால் மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை நினைவிற்கொண்டு ஆசிரியர்கள் இக்கணக்கினை மாணவர்க்குப் பயிற்சியாக அளிக்கலாம்.

பகலிலும் புதுப்பிக்க வழியுண்டு. புறநகர் வண்டி நிலையத்தில் 20 வினாடி நிற்கிறது என்று கொள்வோம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு அப்போது கிடைத்தால், 250 மெகாபைட் வண்டிக்குள் வந்து சேரும். ஒரு நாளிதழின் எழுத்துப் பகுதி முழுவதற்கும் இதில் சிறு பங்கே தேவை. இருபத்தேழு நிறுத்தங்களும் இருபத்தேழு ஊற்றுகளாகும் என்பது இதனால் விளங்கும்.

அஞ்சல் பையிலிருந்து கற்ற பாடம்

பொருளைச் சேர்த்துவைத்து, வாய்ப்புக் கிட்டும்போது அடுத்த இடத்துக்கு அளித்தல் என்னும் இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1863இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடும் இரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. இரயில்வே அஞ்சல் சேவைக்கு அதுவே வித்து. நிலையத்தில் ஏறும் பைகள் வழியில் பிரிக்கப்பட்டு, அடுத்தடுத்த நிலையங்களில் இறக்கப்பட்டன.

இணைய யுகத்தில் இம்முறையை மீண்டும் கையாண்டதால், டாக்நெட் என்றே பெயர் பெற்ற திட்டம் ஒன்று கர்நாடகத்தில் செயற்பட்டது. பெங்களூருக்கு அருகிலுள்ள தொட்டபள்ளாபுர வட்டத்தில் 2003ஆம் ஆண்டளவில் இது நடைபெற்றது. பூமி என்னும் நிலப் பதிவேட்டுத் திட்டத்தின் ஆவணங்கள் வட்டத் தலைநகரில் கணிப்பொறியில் இருந்தன. கிராமங்களுக்கோ இணைய இணைப்பு இல்லை. எனவே அரசுப் பேருந்து ஒன்றில் சிறு கணிப்பொறியும் வைஃபைக் கருவியும் ஏற்றப்பட்டன. கிராமத்திலுள்ள கணிப்பொறி நிலையத்தைப் பேருந்து நெருங்கியதும், உழவர்களின் விண்ணப்பங்கள் தாமாகவே பேருந்தின் கருவிக்குள் புகும். பேருந்து வட்டத் தலைநகரை அடைந்ததும் அவை அங்குள்ள கணிப்பொறிக்குச் செல்லும். விடைகள் அடுத்த நடையில் திரும்பும்.

ஒவ்வொரு சந்திப்பும் சராசரியாக 2 நிமிடம் 34 வினாடி நீடித்தது. அதற்குள் ஒரு திசையில் ஏறத்தாழ 21 மெகாபைட் சென்றது. பேருந்தில் ஏற்றிய கருவிகளின் மொத்த விலை ஏறத்தாழ 580 டாலர். கிராமந்தோறும் கோபுரமோ வடமோ அமைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில், இதே முறையில் மோட்டார் சைக்கிள்கள் மலைக்கிராமப் பள்ளிகளின் மின்னஞ்சல்களைச் சுமந்து சென்றன.

பத்து வினாடியும் அரை வினாடியும்

நில்லாது செல்லும் வாகனத்துக்கு என்ன வழி? சாலையோர வைஃபை நிலையத்தின் அலை இரு புறமும் நூறு மீட்டர் எட்டுவதாகக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த 200 மீட்டரை ஏறத்தாழ 7 வினாடியில் கடந்துவிடும். ஆனால் வைஃபையில் சேர்வதற்கே சாதாரண மென்பொருள் பத்து வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அனுமதி கேட்டு, முகவரி பெற்று, பாதையை உறுதி செய்வதற்குள் வாகனம் எல்லையைத் தாண்டிவிடும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேக்கப் எரிக்ஸன், ஹரி பாலகிருஷ்ணன், சாம் மேடன் ஆகிய மூவரும் இப்பிரச்சினையை ஆராய்ந்தனர். இவர்களுள் ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1993இல் பட்டம் பெற்றவர். 2008இல் இவர்கள் வெளியிட்ட காபர்னே என்னும் அமைப்பில் இரு திருத்தங்கள் இடம்பெற்றன. இணைப்பின் படிகளைச் சுருக்கி, சேரும் நேரத்தை 0.4 வினாடிக்கும் குறைத்தது முதல் திருத்தம். இரண்டாவது, செய்தித் துண்டுகள் தொலைந்துபோவதன் காரணத்தைப் பகுத்தறிதல். வழக்கமான முறையில், துண்டு தொலைந்தால் வழியில் நெரிசல் என்று கருதி, அனுப்பும் கணிப்பொறி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பியில்லா இணைப்பிலோ, நெரிசலே இல்லாதபோதும் அலைக் குறைவால் துண்டுகள் தொலைவதுண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணும் விதிமுறையால் செல்லும் அளவு இரு மடங்காயிற்று.

பாஸ்டன் நகரப் பகுதியில் 25 வாடகைக் கார்களில் இதனைச் சோதித்தனர். வழியில் எதிர்ப்படும் திறந்த வைஃபை நிலையங்களை மட்டுமே பயன்படுத்தி, கார் ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 38 மெகாபைட் கிடைத்தது. உரையாடலுக்கு இது உதவாது. காத்திருக்கக்கூடிய செய்திகளுக்கு உதவும் என்பது ஆய்வாளர் கண்ட முடிவு.

காத்திருக்கக் கூடாத செய்தி

மேற்கூறியவை அனைத்தும் காத்திருக்கக்கூடிய பொருளுக்கே பொருந்தும். காத்திருக்க இயலாத செய்தியும் உண்டு. அம்பர்நாத்துக்கு அடுத்த நிலையம் பத்லாபூர், அதற்கடுத்தது வாங்கணி. 2019 ஜூலை 27 அன்று, மும்பையிலிருந்து கோலாப்பூர் சென்ற மகாலட்சுமி விரைவு வண்டி, இவ்விரு நிலையங்களுக்கும் இடையே உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் பிறரும் முயன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் பாதுகாப்பாகக் கரை சேர்த்தனர். அத்தகைய வேளையில், முதல் நாள் இரவு ஏற்றிவைத்த படங்கள் ஆயிரம் இருந்தும் பயனில்லை. ஆற்றின் நீர்மட்டம், வண்டியை விட்டு இறங்கலாமா கூடாதா என்னும் அறிவுரை, படகு வரும் நேரம் ஆகியவையே தேவை. இவற்றை எழுதச் சில நூறு எழுத்துகள் போதும். ஆனால் அவை அக்கணமே வந்தாக வேண்டும்.

இதற்கு ஏற்ற முறை, கோபுரம் ஒன்றின் எல்லைக்குட்பட்ட கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே குறுஞ்செய்தியை ஒலிபரப்புப் போல் அளித்தலாகும். தனித்தனியே முகவரியிட்டு அனுப்பாமையால், கேட்போர் நூறு பேராயினும் பத்தாயிரம் பேராயினும் கோபுரத்தின் சுமை ஒன்றே. 2023இல் தொலைத்தொடர்புத் துறை இம்முறையில் சோதனை எச்சரிக்கைகளைப் பல மாநிலங்களில் அனுப்பியது. அப்போது கைப்பேசிகள் உரத்த ஒலியெழுப்பியதைப் பலரும் நினைவுகூர்வர்.

பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கென வகுக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 140 என்னும் தரவிதி, இரு வகைச் செய்திகளையும் ஒரே கருவியில் இணைக்கிறது. இதன்படி அமைந்த கருவி வாகனத்தின் இருப்பிடத்தை அவ்வப்போது அறிவிக்கும். இணைப்பு அற்ற இடத்தில் குறிப்புகளைத் தன்னுள் சேமித்து, இணைப்புக் கிடைத்தபின் அனுப்பும். ஆபத்துப் பொத்தானை அழுத்தினாலோ அச்செய்திக்கே முதலிடம். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்று பகுப்பதே இத்துறையின் அடிப்படை எனலாம்.

ஏற்றுவது யார் பொறுப்பு?

சேமிப்பு முறைக்கு ஒரு குறையுமுண்டு. இணையத்தில் பயணி தாம் விரும்பியதைத் தேடிப் பெறுகிறார். வண்டியிலுள்ள பெட்டகத்திலோ பிறர் தேர்ந்து வைத்தவற்றுள் ஒன்றையே பெற முடியும். அம்பர்நாத் வண்டியில் மராத்தி பேசுவோரும், இந்தி பேசுவோரும், சிந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோரும் உள்ளனர். பெரும்பான்மையோர் விரும்பும் திரைப்படங்களை மட்டும் ஏற்றினால், தாராவி இரவுப் பள்ளிக்குச் செல்லும் இளைஞர் தேடும் தமிழ்ப் பாடம் அங்கிராது. இடம் போதாமை இதற்குக் காரணமாகாது. எழுத்து வடிவில் ஒரு வகுப்பின் பாடநூல்கள் அனைத்தும் ஒரு திரைப்படத்தின் இடத்தில் அடங்கிவிடும். தேர்ந்தெடுப்போர் நினைவில் அது இருத்தல் வேண்டும், அவ்வளவே.

பழைய செய்தி புதிய செய்தி போலத் தோன்றுவது மற்றொரு குறை. சேமித்த பொருள் ஒவ்வொன்றிலும் அது பதிவான நாளைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். சென்ற ஆண்டின் தேர்வு விதியையோ விதை விலையையோ இன்றையது எனக் கொள்வதால் நேரும் தீங்கு, அது கிடைக்காததால் நேரும் தீங்கினும் பெரிது.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

இக்கொள்கையை நடைமுறைப்படுத்த இரயிலும் கோபுரமும் வேண்டுவதில்லை. இணைப்புக் குன்றிய சிற்றூர்களுக்குச் செல்லும் களப்பணியாளர், தலைமையிடத்தில் இணைப்பு நன்றாக உள்ளபோதே படிவங்களையும் விளக்கப் படங்களையும் தம் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். சிற்றூரில் திரட்டிய விவரங்களைச் சேமித்து, திரும்பியபின் அனுப்பலாம். அவசரச் செய்திக்கு மட்டும் கிடைக்கும் சிறு இணைப்பை ஒதுக்கி வைத்தல் நன்று. பள்ளியிலும் சிறு கணிப்பொறி ஒன்றில் பாடங்களைச் சேமித்து, வகுப்பறை வைஃபை வழியாக மாணவர்க்கு வழங்க இயலும். அதற்கு வெளியிணைப்பு இடையறாது இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை புதுப்பிப்பதற்குக் கிடைத்தால் போதுமானது.

மாணவர்க்கு ஆசிரியர் ஒரு பயிற்சியும் அளிக்கலாம். ஒரு நாளில் தாமும் தம் வீட்டாரும் கைப்பேசியில் பெற்ற செய்திகளை எழுதி, உடனே தேவைப்பட்டவை, ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடியவை, ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடியவை என மூன்றாகப் பிரிக்கச் செய்தல் வேண்டும். உடனே தேவைப்பட்டவை எண்ணிக்கையிலும் அளவிலும் எவ்வளவு சிறியவை என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.

அம்பர்நாத்திலிருந்து புறப்படும் வண்டிக்கு வானிலிருந்து பேராறு பாய வேண்டிய அவசியமில்லை. இரவில் நிரம்பும் பெட்டகமும், நிலையந்தோறும் சிறிது புதுப்பிப்பும், ஆபத்தில் அறாத மெல்லிய இணைப்பு ஒன்றும் அமைந்தால் போதும். இம்மூன்றும் இன்று கைக்கெட்டிய தொழில்நுட்பத்தால் இயல்வனவே. அவற்றில் எதனை ஏற்றுவது, எதற்கு முதலிடம் தருவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் மனிதர்க்கு உரியது.